வால்பரைசோவில் நான் தள்ளிவிட்ட பெண்

என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். சென்ற ஆண்டு அவருடன் கப்பலில் போக எனக்கும் மகள் ஜெனிக்கும் அனுமதி கிடைத்தது. தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் துறைமுக நகரமான வால்பரைசோவில் கப்பல் நின்றபோது மூவரும் ஊர் சுற்றிப் பார்க்க இறங்கினோம்.

பழனி விஞ்ச் போன்ற ஒரு வண்டி அங்கே ஆட்களை மேட்டுத் தெருக்களுக்கு ஏற்றிச் செல்கிறது. அதற்கான வரிசையில் நின்றோம். வயதான பெண்மணி ஒருவர் எனக்குப் பின்னால் கையைக் காட்டி ஏதோ சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்து என் தோள்பையைப் பிடித்து இழுத்தார்.

"என்னங்க, பையப் பிடுங்குதா" என்று கத்தியபடி அவரைத் தள்ளிவிட்டேன். விழுந்துவிட்டார். கையிலிருந்த ரொட்டிகள் தரையில் சிதறின.

ஜெனிதான் முதலில் கவனித்தாள். "எம்மா, பையில ஜிப்பு தொறந்து கெடக்கு. பின்னால நின்ன ஆளு அங்கன ஓடுதான் பாரு. அந்தம்மா அவனத்தான் காட்டிருக்காங்க."

எங்கள் பாஸ்போர்ட்டுகள் பையில் பத்திரமாக இருந்தன. அதற்குள் அவர் ரொட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு, முழங்கையைத் தடவியபடி நடக்கத் தொடங்கியிருந்தார். ஓடிப்போய் அவர் கையைத் தொட்டேன். பயந்து கையை இழுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க அவர் மொழியில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அதன்பின் பார்த்த எதுவும் என் மனதில் நிற்கவில்லை.

இப்போது டவுன் பஸ்ஸில் வடமாநிலத் தொழிலாளி யாராவது புரியாத மொழியில் கூப்பிட்டால், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. அவர் கை எதைக் காட்டுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை