சின்னவன் அப்பாவுக்கு வைத்த பெயர்

அப்பா லீவு கேட்டபோது கணக்கப்பிள்ளை முதலில் கேட்டது, "யாரு செத்தது?" என்றுதான். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர யாரும் லீவு கேட்டதில்லை.

"யாரும் சாகலைங்க. பேரப்புள்ளைகளோட எல்ல ஊருக்குப் போறோம்."

"அங்க என்ன, திருவிழாவா?"

"இல்லைங்க. சும்மா இருந்துட்டு வரத்தான்."

"சும்மா இருக்கிறதுக்குத் தொரைமாரு நுவரெலியா போவாங்க. ஒனக்கு எதுக்குய்யா அது?"

"எம் மக டீச்சருங்க. அவதான் கூட்டிட்டுப் போறா."

இந்தப் பதிலை அப்பா என்னிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்த முதல் ஆள் நான். படித்து முடித்து, பதுளையில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட லீவில் அப்பாவையும் அம்மாவையும் அக்காவின் பிள்ளைகளோடு ஓரிடத்தில் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அக்கா கல்யாணமாகிப் பதுளையில் இருந்தாள். அத்தான் அங்கே ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலை செய்தார். அந்த முதலாளியின் தம்பி எல்ல ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைச் சொல்வதுபோல அவரை நாங்களும் நானா என்றுதான் கூப்பிட்டோம். கடைக்குப் பின்னால் இரண்டு அறை சும்மா கிடந்தது. அதைத்தான் எங்களுக்குத் தந்தார்கள். அத்தானுக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. அக்காவும் நானும் பிள்ளைகள் இருவரும் பதுளையிலிருந்து ரயில் ஏறினோம். அப்பாவும் அம்மாவும் பண்டாரவளையிலிருந்து இறங்கி வந்தார்கள்.

பெரியவளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்ததும், "சித்தி, ரயிலு வழி தெரியாமப் போயிருச்சா?" என்று கேட்டாள். சின்னவனுக்கு இரண்டு வயது. அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தான். அப்பா அவனைப் பெயர் வைத்த அன்று பார்த்ததோடு சரி. தோட்டத்தில் மற்றவர்களுடைய பேரன்கள் லயத்து வாசலில் "தாத்தா, தாத்தா" என்று ஓடி வருவதைப் பார்க்கும்போதெல்லாம், "எனக்கும் ஒருத்தன் இருக்கான், பதுளையில" என்பாராம். அம்மா சொன்னாள். இந்த நாலு நாளில் அவன் வாயால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று வந்திருந்தார்.

பொழுது சாயத்தான் போய்ச் சேர்ந்தோம்; பிள்ளைகள் வந்ததும் தூங்கிவிட்டார்கள். விடிந்ததும், முதல் நாள் காலையில் சின்னவன் பாயில் எழுந்து உட்கார்ந்து, "தாத்தா" என்று கூப்பிட்டான்.

அப்பா வெளியே வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி நின்றார். அதைத் துப்பிவிட்டு ஓடி வந்தார். "இந்தா வந்துட்டேன்டா, எஞ்சாமி" என்று கையை நீட்டினார். சின்னவன் அவர் முகத்தைப் பார்த்தான். கையைத் தட்டிவிட்டான். பிறகு வாசலைப் பார்த்து, "தாத்தா, தாத்தா" என்று இன்னும் பெரிதாக அழுதான்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான்தான்டா தாத்தா" என்றார்.

பெரியவள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். "தம்பி ஒங்களக் கூப்பிடல. தாத்தா பதுளையில கடைக்குப் போயிருச்சு. நீங்க சீயா."

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் சிங்களக் குடும்பங்கள். பிள்ளைகள் பகலெல்லாம் அந்த வாசல்களில்தான் கிடப்பார்கள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா, சீயா என்றால் தாத்தா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தங்கள் அப்பாவைக் கூப்பிடுவதைக் கேட்டு இவர்களும் அத்தானை அப்படியே கூப்பிடப் பழகியிருந்தார்கள்.

"சீயாவா?" என்றார் அப்பா. "நாயத் தொரத்துறாப்புலல்ல இருக்கு. என்னைய யாரும் சீ போட வேணாம்."

அம்மாவுக்கு அந்தக் கஷ்டமே வரவில்லை. அவளை அம்மாச்சி என்று கூப்பிடச் சொல்லித் தந்தோம். சின்னவன் அதில் பாதியை விழுங்கிவிட்டு "ஆச்சி" என்றான். சிங்களத்திலும் பாட்டிக்கு ஆச்சிதான். அன்று முழுக்க அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"ஏம்புள்ள என்னையத் தெரிஞ்சுக்கிட்டான். சில பேருக்கு அந்தக் குடுப்பின இல்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பேசு, பேசு. ஒன் நேரம்" என்றார் அப்பா.

கடைக்கார நானா இதைக் கேட்டு வெற்றிலையைக் கையில் வைத்தபடியே சிரித்தார். "எங்கட வீட்டுல தாத்தா எண்டா அக்கா, மூத்த பொம்புளப் புள்ள. நீங்க எங்கட வீட்டுக்கு வந்தா இன்னும் கரச்சல்."

"விடுங்க நானா. பேரனுக்கு அப்பனாகி, ஒங்களுக்கு அக்காவாகி, எம் பொழப்பு இப்படியே போயிரும் போல" என்றார் அப்பா.

சிரித்தாலும் அவருக்கு மனசு ஆறவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் சும்மா இருப்பேனா? பதுளையில் எத்தனை பிள்ளைகளுக்கு அ, ஆ ஏற்றியிருக்கிறேன், இவன் எம்மாத்திரம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியோடு பாடத்தை ஆரம்பித்தேன். அப்பாவை எதிரில் உட்கார வைத்தேன்.

"இது யாரு? தாத்தா. சொல்லு, தாத்தா."

சின்னவன் அப்பாவைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தான். நான் மறுபடியும் சொன்னேன். மறுபடியும் வாசலைப் பார்த்தான். கருப்பட்டியைக் காட்டிச் சொன்னேன். கருப்பட்டியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, இறங்கி வாசலுக்கே போய், ஸ்டேஷன் பக்கம் எட்டிப் பார்த்து நின்றான். உதடு பிதுங்கியது.

அப்பா எழுந்து போய் அவன் பக்கத்தில் குந்தினார். தொடவில்லை. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அந்தப் பேரச் சொல்லாதம்மா. நீ சொல்லச் சொல்ல அவங்கப்பன் வந்துட்டான்னு பாக்குறான். பாவம்."

"ஒங்களுக்குத்தானேப்பா ஆச?"

"இருக்கட்டும். எம் ஆசைக்கு அவன அழ வைக்கவா?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அப்பா பேச்சில்லாமலே சின்னவனோடு பழக ஆரம்பித்தார். அவனைத் தோளில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயில் காட்டினார். பலாவிலையில் தொப்பி தைத்து முதலில் தான் போட்டுக்கொண்டார். அவன் கேட்ட பிறகுதான் கொடுத்தார். மூன்றாம் நாள் சின்னவன் அவர் மேல் ஏறி விளையாடினான். ஆனால் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. வேண்டுமென்றால் வேட்டியைப் பிடித்து இழுப்பான், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் அப்பா கீழே, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணியில் குளித்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து, "ஏங்க" என்று சத்தம் கேட்டது.

"வாறேன்" என்றார்.

"ஏங்க."

"வாறேங்கிறேன்ல. தலை தொவட்ட வேணாமா?"

"ஏங்க."

அப்பா ஈரத் தலையோடு சலித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார். "என்ன அவசரம் ஒனக்கு?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க கூப்பிட்டேன்?"

வாசல்படியில் நின்ற சின்னவன் இரண்டு கையையும் தூக்கினான். "ஏங்க" என்றான், தூக்கச் சொல்லி.

அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. எந்தப் பெண்பிள்ளைதான் புருஷன் பெயரைச் சொல்வாள்? ஏங்க, சோறு ஆறுது. ஏங்க, மழை வருது. நாள் முழுக்க அதுதான். இந்த மனிதருக்கு அதுதான் பெயர் என்று சின்னவன் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டான்.

அக்கா சிரித்துச் சிரித்துத் தூணில் சாய்ந்துவிட்டாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "கருமம், நானா காதுல விழுந்தா மானம் போயிரும்" என்றாள். நானா காதில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. "ஏங்க, உப்பு வேணுமா?" என்று கடையிலிருந்து குரல் வந்தது.

எனக்குள் இருந்த டீச்சர் எழுந்துவிட்டாள். "அப்படிச் சொல்லக் கூடாதுடா தம்பி. அது..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. ஈரக் கையாலேயே அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஒம் பாடத்தையெல்லாம் பதுளையோட வச்சுக்க. ஊரு ஒலகத்துல எல்லாத் தாத்தனையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுறாங்க. என்னைய மரியாத குடுத்துல்ல கூப்பிடுறான்."

அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் அம்மா அப்பாவை வாய் திறந்து கூப்பிடவே இல்லை. கூப்பிட வேண்டிய இடத்தில் கரண்டியால் சட்டியைத் தட்டினாள்.

நாலாம் நாள் அப்பா அம்மாவுடைய ரயில்தான் முதலில் வந்தது. சின்னவன் என் தோளில் தூங்கிவிட்டான். பெரியவள் அவனை எழுப்பப் போனாள். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மூட்டையோடு ரயில் பெட்டி வாசலிலேயே எங்களுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். கார்டு விசில் ஊதினார். உள்ளே இடம் பிடித்திருந்த அம்மாவுக்கு வெட்கம் மறந்துவிட்டது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள்.

அப்பா அம்மா பக்கம் திரும்பவில்லை. சட்டென்று குனிந்து, என் தோளில் கிடந்த சின்னவனின் முகத்தைப் பார்த்தார்.