பலாமரத்துக்குப் பின்னால் ஒரு புற்று

போன வாரம் கல்லாறு காட்டோரத்தில் முளைத்திருந்த காளான்களைப் படமெடுத்து, காளான் குரூப்பில் பெயர் கேட்டேன்.

"படம் மட்டும் போதாது. எந்த மண், எந்த மரத்தடி என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்" என்றார்கள். நானும் பெருமையாக எல்லாவற்றையும் எழுதி, லொகேஷனும் போட்டேன்.

புற்றுக்காளானாம். கறையானை நம்பி வாழ்வது. புற்று இருக்கும்வரை வருஷாவருஷம் அதே இடத்தில் முளைக்குமாம்.

இன்று கல்லாற்றுக்குப் பக்கத்து ஊரான விதுராவில் தம்பானூர் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரரின் மடியில் ஒரு பை நிறைய அதே காளான். எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"கல்லாறு, சாரே. குரூப்ல ஆரோ ஒருத்தர் வழியை விளக்கமா எழுதிருக்காரு. பலாமரத்துக்குப் பின்னால. கரெக்டா இருந்துச்சு, கேட்டியளா!"

"மேலோட பறிச்சீங்களா?"

"எங்க? வேரு ஆழமாப் போகுது. மண்வெட்டி வச்சு புத்தையே தோண்டிட்டோம்."

"அப்போ அடுத்த வருஷம் வராதே?"

"அதுக்கென்ன சாரே? அடுத்த வருஷம் வேற ஆராச்சும் லொகேஷன் போடுவாங்கல்லோ."

தம்பானூர் வந்தது. இறங்கும்போது பாவம், எனக்கும் ஒரு கைப்பிடி நீட்டினார். நல்ல மனுஷன்தான். அதுதான் இன்னும் எரிகிறது.

என் பதிவுக்கு இப்போதும் லைக் விழுந்துகொண்டிருக்கிறது. 'இடத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி' என்று கமெண்ட் வேறு.

நண்பர்களே, கல்லாற்றில் பலாமரத்துக்குப் பின்னால் இப்போது ஒரு குழி இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா? லொகேஷன் அனுப்புகிறேன்.