பாகுலியின் வயலை விட்டுப் போன ஆலங்கட்டி

பாகுலியைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் 'ஐயோ பாவம்' என்று சொன்னதில்லை. வாய் அப்படி. அடுத்தவன் வாத்து அவள் வயலில் தவறி இறங்கினால் போதும், அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசுவாள். புருஷன் போன பிறகு ஒண்டியாக உழுது, நட்டு, இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தவள். அவள் வயலுக்கு அடுத்தது என் வயல். வரப்புக்காக நாங்கள் போடாத சண்டை இல்லை.

எங்கள் தீவில் எல்லாருக்கும் ஒரே மழை கிடையாது. கிழக்குக் கரையில் வருஷம் முழுக்கக் கொட்டும். தெற்கே மாடுகள் கள்ளியைத் தின்று உயிர் பிடிக்கும். எங்கள் மேட்டு நிலத்திலோ டிசம்பர், ஜனவரி என்றால் காலையில் சுள்ளென்று வெயில். மதியச் சோறு செரிப்பதற்குள் மலைக்குப் பின்னால் கருப்பு ஏறிவிடும். மழை வரட்டும், வேண்டியதுதான். அதனுள்ளே ஆலங்கட்டி இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கொஞ்ச நேரம் விழுந்தாலும் வருஷத்துச் சோறு போயிற்று.

அதற்குத்தான் ரமானிட்ரா இருந்தார். வெளியூர்க்காரர், வயதானவர். ஆலங்கட்டியைத் திருப்பிவிடுவது அவர் வேலை. ஊர் அவருக்கு ஒரு குடிசை கொடுத்திருந்தது. மேகம் ஏறினால் மந்திரம் கட்டிய மாட்டுக் கொம்பை எடுத்துக்கொண்டு மேட்டுப் பாறையில் போய் நிற்பார். "அந்தப் பக்கம் போ, கல்லுக்காட்டுக்குப் போ" என்று மேகத்தை அதட்டுவார். அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கூடை நெல் அவருக்குப் போகும். காலையில் சர்ச்சில் பாடிவிட்டு மதியம் அவருக்கு நெல் கொடுப்பதில் எங்களுக்குக் கூச்சம் எதுவும் கிடையாது. பாஸ்டருக்கும் தெரியும். அவருக்கும் வயல் இருக்கிறதே.

ரமானிட்ரா எங்களிடம் கேட்டது ஒன்றைத்தான். கதிர் வெளியே தலைகாட்டியதிலிருந்து அறுப்பு வரை கரி பிடித்த பானையை யாரும் வாய்க்காலில் கழுவக்கூடாது. பானையின் கருப்பைப் பார்த்தால் வானத்துக் கருப்பு இறங்கி வந்துவிடும். மீறினவர் ஊருக்கு ஒரு மாடு கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் நான் வாய்க்கால் பக்கம் வெறும் கெண்டியோடு போனதற்கே பாகுலி என்னைத் தெருவெல்லாம் கேட்கும்படி ஏசினாள்.

அதற்கு அடுத்த வருஷம், கதிர் பால் பிடித்திருந்த நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டருக்குச் சோறு போடும் முறை அவள் வீட்டுக்கு வந்தது. முந்தின நாள் காலையில் சோற்றைத் தீய விட்டுவிட்டாள். பானைக்கு உள்ளும் கரி, வெளியும் கரி. வழக்கமாகப் பானை கழுவும் ஊற்று மழையில் கலங்கிச் சேறாகக் கிடந்தது. இருந்த நல்ல பானை அது ஒன்றுதான். ஒரு பானைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாய்க்காலுக்குப் போய், மணல் போட்டுப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று மதியம் ஆலங்கட்டி விழுந்தது. தகரக் கூரைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசியது கேட்கவில்லை. நின்றதும் வயலுக்கு ஓடினேன். என் வயலில் தண்டுதான் மிச்சம், கதிரெல்லாம் சேற்றில். அந்த வரிசை முழுக்க அப்படித்தான், பாகுலியின் வயலைத் தவிர. அது காற்றில் தலையாட்டிக்கொண்டு நின்றது. எனக்கு எரிந்தது.

மறுநாள் பாஸ்டர் அந்தப் பானைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, விதவையின் வயலைக் கர்த்தர் கை வைத்து மூடியிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். பாகுலி தன் பங்குச் சோற்றைக் கோழிக்குப் போட்டாள்.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் கூடியது.

"கொம்புல சத்து போயிடுச்சு பெரியவரே," என்றார் ஊர்த் தலைவர். "இன்னும் உங்களை நம்பி நாங்க உக்காந்திருக்க முடியாது."

ரமானிட்ரா எழுந்து நின்றார். "யாராவது பானை கழுவினீங்களா? கழுவியிருந்தா சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

ஒவ்வொருவராக இல்லை என்றார்கள். பாகுலியின் முறை வந்தது. அவளிடம் இருந்தது ஒரே மாடு.

"நான் கழுவியிருந்தா முதல்ல என் வயல்ல இல்ல விழுந்திருக்கும்?" என்றாள்.

சரிதானே என்று நானே தலையாட்டினேன். ரமானிட்ரா மேற்கொண்டு யாரையும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். அறுப்புக்குப் பிறகு குடிசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவருக்குப் போக்கிடம் என்று இருந்தது ஒரு தங்கை மகன் வீடு. அங்கேயும் அவரை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அதன்பிறகு பாகுலி இளைத்துப்போனாள். யாரோடும் சண்டைக்கு வரவில்லை. என் வாத்துகள் அவள் வயலில் மேய்ந்தன; அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கே பயமாக இருந்தது.

ரமானிட்ரா புறப்பட்ட காலையில் ஒரு மூட்டை நெல்லைத் தலையில் வைத்துக்கொண்டு அவரை வழியில் பிடித்திருக்கிறாள்.

"உங்க பங்கு, பெரியவரே."

"ஊரே வேணாம்னுடுச்சு. எனக்கு ஏதும்மா பங்கு?"

"என் வயல் வெளைஞ்சிருக்கே."

அவர் சிரித்தாராம். மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். "வெளையாம? அதை விட்டுட்டுப் போன்னு மேகத்தைக் கெஞ்சினவன் நான்ல."

மூட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"அன்னிக்கு வந்தது என் கைக்கு அடங்குற கருப்பு இல்ல பாகுலி. மொத்தத்தையும் திருப்ப முடியல. ஒரு வயலாவது தப்பட்டும்னு பார்த்தேன். ஒண்டிப் பொம்பளையாச்சே, உன் வயல்தான் கண்ணுல பட்டுச்சு. மத்தவங்களை விட்டுட்டேன். அவங்களும் எனக்கு நெல்லு போட்டவங்கதானே. ஊரு என்னைப் போகச் சொன்னது நியாயம்தான்."

அப்போதுதான் அவளுக்கு வாய் திறந்தது. பாஸ்டர், பானை, மணல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கூட்டத்துல கேட்டேனே," என்றார் அவர்.

"கேட்டீங்க."

தோளிலிருந்த மூட்டையை மெதுவாகப் பாதையோரம் இறக்கி வைத்தார். தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, பாய்ச்சுருளை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி நடந்துவிட்டார்.

அவள் அங்கிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். மூட்டையை வாசலில் போட்டுவிட்டு இதையெல்லாம் சொன்னாள். "ஒரு வார்த்தை திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்டி," என்றாள். நான் திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நான் திட்டியது அவளுக்கு உதவவில்லை. அந்த நெல்லை நான் திருப்பிக் கொடுக்கவும் இல்லை; என் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

அன்றைக்கே ஊர்த் தலைவரிடமும் போய்ச் சொல்லி மாட்டை அவிழ்த்துக் கொடுத்தாள். ரமானிட்ராவைத் திரும்பக் கூப்பிட ஆள் போயிற்று. "எல்லாருக்கும் காவல்னு வந்துட்டு ஒருத்திக்கு மட்டும் பார்த்தவன் நான். வர மாட்டேன்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்களுக்கு ஜூன், ஜூலையில்தான் குளிர்; அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் தங்கை மகன் வீட்டிலேயே கண்ணை மூடினார்.

ஊர் பாகுலியை மன்னித்துவிட்டது. நானும்தான், பாதிக்கு மேல். இப்போது புதுசாக ஒரு ஆள் கொம்போடு நிற்கிறான். மேகம் ஏறினால் நாங்கள் எல்லாரும் வீட்டுக்குள் ஓடுகிறோம். பாகுலி வயலுக்குப் போகிறாள். மழையில் நனைந்தபடி வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துக் கூப்பிடுகிறாள்.

"இங்க விழு. இந்தத் தடவை இங்க விழு."

இதுவரை ஒரு கட்டிகூட அவள் வயலில் விழவில்லை.