சொந்தப் படத்துக்குச் சொன்ன குறை

அன்று மாடியறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கல்லூரியில் இயற்பியல் நடத்திய சார். கீழே ஆணி, பெயின்ட் கடை வைத்திருந்த பாய், அறை அவருடையது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த அக்கா. கணக்கு நோட்டு அவரிடம் இருக்கும். நான்காவது ஆள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு மறைமலை நகரில் இரும்பு கடையும் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். மேற்குத் தாம்பரத்தில் இயங்கிய எங்கள் போட்டோ சங்கத்தில் பேருக்குப் பதினோரு பேர். மற்ற ஏழு பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

மாடிப்படித் திருப்பத்தில் ஒரு தகர டப்பா இருந்தது. படத்தையும் நெகட்டிவையும் ஒரு கவருக்குள் வைத்து, பெயர் எழுதாமல் அதில் போட்டுவிட வேண்டும். கூட்டத்தில் ஒவ்வொரு படத்தையும் பற்றி எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் எடுத்தவர் கை தூக்கலாம். குறை சொன்னால் அதற்கு வழியும் சொல்ல வேண்டும். அதோடு விடமாட்டார்கள். சொன்ன வழிப்படி புது பிரிண்ட் போட்டு அடுத்த மாதம் குறை சொன்னவரே கொண்டுவர வேண்டும். செலவில் பாதி குறை சொன்னவருடையது, பாதி படத்துக்காரருடையது. சார் கொண்டுவந்த சட்டம் இது. வந்த பிறகு பலருக்குப் பேச்சு குறைந்துவிட்டது.

நகரத்தில் நடக்கப்போகும் ஒரு கண்காட்சிக்குச் சங்கத்தின் சார்பில் ஒரே ஒரு படம் அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். டப்பாவில் என் படமும் இருந்தது. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில், செய்தித்தாள் சுற்றிய சீலிங் ஃபேனைத் தோளில் சுமந்துகொண்டு ஒருவர் ஏறுகிறார். இடது ஓரத்தில் இன்னொரு ஆள் பாதி உடம்போடு நிற்கிறார். எடுக்கும்போது அவரை நான் பார்க்கவே இல்லை. பிரிண்ட் வந்த பிறகு மூன்று வாரம் அவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பாய் ஒரு படத்தை வாயாரப் புகழ, கடைசியில் அது அவருடையதாகவே இருந்தது. "பாய் தனக்குத் தானே மாலை போட்டுக்கினாரு" என்று அக்கா அந்த மாதம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடக் கூடாது. பேசாமல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்களே என்று இன்னொரு பயம். என் முறை வந்தது.

"இடது பக்கம் ஒருத்தன் பாதியா நிக்கிறான் சார். கவனிக்காம எடுத்திருக்காங்க. அவனை வெட்டிட்டா படம் சுத்தமாயிடும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வானம் வெளுத்திருப்பதையும் சொன்னேன், படி கோணலாக இருப்பதையும் சொன்னேன்.

"இன்னா மச்சான், காலைல வூட்ல சண்டையா? இந்தப் போடு போடற" என்றார் பாய்.

"விடுங்க பாய், இன்னிக்குத்தான் தம்பி வாயே தொறந்திருக்கு. வெட்டி பிரிண்ட் போட்டுக் கொண்டாப்பா. பாதிக் காசு உன்னுது, எழுதிக்கறேன்" என்றார் அக்கா.

யாருடைய படம் என்று சார் கேட்டார். கை எதுவும் எழவில்லை. "வராதவங்க யாராவது போட்டிருப்பாங்க" என்று அவரே முடித்துவிட்டார்.

குரோம்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டேன். பதினாறு ரூபாய். சங்கப் பணத்தில் கட்டிவிட்டு, என் பங்காக எட்டு ரூபாயை அக்காவிடம் கொடுத்தேன்.

அடுத்த மாதமும் அதே நான்கு பேர். இரண்டு பிரிண்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சார் முதல் படத்தில் அந்தப் பாதி ஆளை உள்ளங்கையால் மறைத்தார்.

"இப்ப ஒருத்தர் ஃபேன் தூக்கிட்டுப் போறார், அவ்வளவுதான்." கையை எடுத்தார். "இப்பப் பாருங்க. இவர் வயித்த எக்கிக்கிட்டு வழி விடறார். அந்த ஃபேன் எவ்வளவு கனம்னு இவரைப் பாத்தாத்தான் தெரியுது. இவர் இல்லன்னா படமே இல்லை."

"ஏம்ப்பா, லேத்துல வந்த பழக்கமா? எது நீட்டிக்கினு இருந்தாலும் சீவிடுவியா?" என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெட்டாத படத்தையே அனுப்புவது என்று முடிவாயிற்று. அக்கா விண்ணப்பத்தை எடுத்தார்.

"பேர் எழுதணுமே. வராதவங்கள்ல அஞ்சு பேருக்கு போன் போட்டுட்டேன், இல்லைங்கறாங்க. ரெண்டு பேர் ஊர்ல இல்ல. நாளைக்கு இது போயாகணும். யாருதுங்க இது?"

என் கை முழங்காலின் மேல் இருந்தது. தூக்கினால், மற்றவர்கள் புகழட்டும் என்றுதான் வேண்டுமென்றே மட்டம் தட்டினான் என்று நினைப்பார்கள். அல்லது, தான் எடுத்த படத்தில் என்ன இருக்கிறது என்று இவனுக்கே தெரியவில்லை என்று நினைப்பார்கள். இரண்டாவது உண்மை. இரண்டில் எது பெரிய அவமானம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், சார் வேறு ஒரு படத்தை எடுத்து நீட்டினார். பாய் எடுத்தது, பல்லாவரம் சந்தையில் புறா விற்பவர். பாய் பெயரில் விண்ணப்பம் நிரம்பியது. நல்ல படம்தான். ஓரத்தில் கொஞ்சம் இருட்டு இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

அக்கா நோட்டைப் பிரித்துக் கணக்கை வாசித்தார். "வெட்டுன பிரிண்ட் பதினாறு. குறை சொன்னவர் எட்டு, வந்தாச்சு. படத்துக்காரர் பங்கு..." தலையைத் தூக்கி ஒரு தரம் எங்களைப் பார்த்துவிட்டு எழுதினார்.

எட்டு ரூபாயை யாருக்கும் தெரியாமல் டப்பாவில் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை படி ஏறினேன். போட்டது யார் என்று பேச்சு கிளம்புமே என்று இரண்டு முறையும் இறங்கிவிட்டேன். சங்கம் கலையும்வரை அந்த வரியை யாரும் அடிக்கவில்லை. படத்துக்காரர், பெயர் தெரியாது, பாக்கி எட்டு ரூபாய்.