முள்ளிக்குளத்துச் சுடுதண்ணீர்

1. கேட்ட எண்ணெய்

யுத்தம் நடந்த காலம். கப்பலில் வரும் மண்ணெண்ணெய் அருகிப்போயிருந்தது. நான் துளைக்கிணறு போடும் அரசாங்க இலாகாவில் எஞ்சின் ட்ரைவர். முள்ளிக்குளத்தில் போய் இறங்கிய முதல் நாளே நிலைமை விளங்கிவிட்டது. ஊர்க் கிணறுகள் உவர். தூரத்து நல்ல தண்ணீரைக் கொண்டுவரும் பம்ப் எண்ணெய் இல்லாமல் நிற்கப் போகிறது.

அங்கே ஒரு கிணற்றில் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஆழத்தில் கடும் சூடு இருந்தால் அங்கிருந்து வரும் நீராவியிலேயே பம்பை ஓட்டலாம், கப்பலை எதிர்பார்க்கத் தேவையில்லை என்று எங்கள் இஞ்சினியர் நம்பினார். ஆனால் துளைக்கும் எஞ்சினுக்கும் எண்ணெய் வேண்டுமே. பம்புக்கென்று மிச்சமிருந்த கடைசி எண்ணெயைத்தான் ஊராரிடம் கேட்டோம்.

செபமாலை என்ற பெண் கைக்குழந்தையோடு எழுந்தாள்.

"ஐயா, சூடு வராட்டி நாங்கள் எதைக் குடிக்கிறது?"

"வருமெண்டு சத்தியம் பண்ண ஏலாது அம்மா. ஆனா உந்த எண்ணெய் எப்பிடியும் கன நாளைக்குக் காணாது," என்றார் இஞ்சினியர்.

அவள் ஊர்த் தலைவரான விதானையாரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"அப்ப தோண்டுங்கோ."

2. இறுகிய கம்பி

சுண்ணாம்புக்கல்லுக்குள் துளைகம்பி இறுகிக்கொண்டது. எஞ்சினை இன்னும் முடுக்கினால் கம்பி முறியும், எண்ணெயும் வீண். எஞ்சினை நிறுத்தினேன்.

விதானையார் கடற்கரையில் கரைவலை இழுக்கும் ஆட்களைக் கூட்டிவந்தார். கப்பியில் வடத்தைப் போட்டு, வலை இழுப்பதுபோல் விட்டு விட்டு இழுத்தார்கள். நெடுநேரத்துக்குப் பிறகு உள்ளே ஏதோ நொறுங்கியது. கம்பி அசைந்தது. மிஞ்சிய எண்ணெயில் மறுபடி துளைத்தோம்.

எஞ்சின் இருமி நிற்கப் போகும் வேளையில் குழாய் வாயால் தண்ணீர் வழிந்தது. இஞ்சினியர் ஓடிப்போய் வெப்பமானியை வைத்தார். முகம் வாடிவிட்டது.

"வெறும் இளஞ்சூடு. ஆவிக்குக் காணாது."

செபமாலை குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

"ஐயா, இது உப்பில்லை!"

விதானையாரும் குடித்துப் பார்த்தார். "எஞ்சின் நிண்டிட்டுது. தண்ணி நிக்கேல்லையே!"

அடியில் இருந்த அழுத்தத்திலேயே அது வந்துகொண்டிருந்தது. பம்பே தேவையில்லை. இஞ்சினியர் மணலில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்னால் என்னிடம் வேலை பழக வந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தேடியது கிடைக்கவில்லை என்று துளையை மூட அவசரப்படாதீர்கள். வந்ததை முதலில் குடித்துப் பாருங்கள்.