முதல் வரியிலேயே ஒரு குற்றம்

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தேன். ஸ்டோர் குமாஸ்தா வேலைக்கு வந்த மனுக்களைப் படித்து, தகுந்தவற்றைத் துரைக்கு அனுப்புவது என் பொறுப்பு. எல்லா மனுக்களிலும் எல்லோரும் நாணயஸ்தர்கள், எல்லோரும் உழைப்பாளிகள். ஒருவன் மட்டும், கணக்குப்பிள்ளையை அடித்ததற்காகப் பழைய தோட்டத்தில் தன்னை நீக்கிவிட்டார்கள் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆளை வரவழைத்தேன்.

"யாருவே உம்மை இதை எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலய்யா. அந்தத் துரையும் உங்க துரையும் ஞாயித்துக்கெழம சேந்து பந்தாடுறவங்க. எப்படியும் காதுல விழும். நானே சொல்லிட்டா நல்லதுல்லா?"

"சின்னத் தப்பைக் காட்டிப் பெரிசை மறைக்கீரோ?"

"பெரிசா இருந்தா எனக்கு முன்னாடியே இங்க வந்து சேந்திருக்குமேய்யா."

பதில் சரிதான். அவ்வளவு சரியாக இருந்ததே எனக்கு உறுத்தியது. ஆனால் மனுவை நான் ஒதுக்கினால் அதுவும் பந்தாட்டத்தில் துரையின் காதுக்கு வந்துவிடுமே என்று அனுப்பிவைத்தேன். துரை படித்துச் சிரித்துவிட்டு அவனையே எடுத்துக்கொண்டார்.

தினமும் காலையில் நானே போய் ஸ்டோரைத் திறந்துவிட்டு, சாவியை அவனிடம் கொடுக்காமல் என் இடுப்பிலேயே செருகிக்கொண்டு வந்தேன்.