சிவந்த கையும் நேச்சுரல் அழகும்

"இன்னிக்குப் பூரா கையில வெயில் படக்கூடாது, வெந்நீர் கூடாது, சென்ட் பக்கமே போகாத" என்றார் விவேக் நகர் பார்லர் அக்கா. வாக்சிங் முடிந்த இரண்டு கைகளும் சிவந்து எரிந்தன.

அப்படியே மதிய ஷிப்டுக்கு ஆபீஸ் பஸ் ஏறினேன். காலியாக இருந்ததெல்லாம் வெயில் பக்கம்தான்.

நிழலில் உட்கார்ந்திருந்த எங்கள் டீம் லீடரிடம் காரணத்தைச் சொல்லி, இடம் மாறிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

அவர் அசையவில்லை. "எதுக்குங்க இந்த வேதனை? பொண்ணுங்க நேச்சுரலா இருந்தாதான் அழகு."

ஷேவ் செய்யும்போது வெட்டிக்கொண்ட அவர் தாடையில் டிஷ்யூ துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், உங்க நேச்சுரல்ல இன்னும் ரத்தம் கசியுது."

பஸ்ஸே சிரித்தது. இடம் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

எதையெதையெல்லாம் அண்ட விடக்கூடாது என்று அத்தனை சொன்ன அக்கா, டீம் லீடரை ஏன் விட்டுவிட்டார்? உங்கள் பார்லரிலாவது சொல்கிறார்களா?